1921 லண்டன் மாநாடு: இரண்டு கோப்புகளின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படிக்கலாம்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரசு அலுவலகத்தில் வேலை. பேச்சுவாக்கில் அலுத்துக்கொண்டான். "மூணு நாள் மாநாட்டுக்கு மூணு மாசமா நோட் எழுதிட்டு இருக்கோம் சார். ஞாயிற்றுக்கிழமைகூட விடல. கடைசியில பெரியவங்க எல்லாம் போய் டீ குடிச்சு, போட்டோ எடுத்துட்டு வருவாங்க. இதெல்லாம் எதுக்கு சார்?"

"அப்படிச் சொல்லாதேப்பா, 1921-ல என்ன நடந்தது தெரியுமா..." என்று நான் ஆரம்பித்ததும் "சார், செக்‌ஷன்ல கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். வரலாற்று ஆசிரியர்களுக்கு இது பழகிய அனுபவம். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டால் தூக்கம் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குற்றத்தையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "பேரரசு மாநாடு" என்பதை வகுப்பில் நான் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே நடத்தியிருக்கிறேன். 1926 பால்ஃபர் அறிக்கை, 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், அடிக்கோடு போடு, அடுத்த பாடம். அந்த மாநாட்டு மேசையில் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும், அங்கே பேசப்பட்டதில் ஒரு பங்கு நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன கூலி ஜனங்களின் வாழ்க்கை என்பதையும் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

முதலில் இந்த மாநாடு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

விக்டோரியா மகாராணி பட்டமேற்ற பொன்விழாவுக்காக 1887-இல் குடியேற்ற நாடுகளின் தலைவர்கள் லண்டனில் கூடினார்கள். விழாவுக்கு வந்தவர்களை உட்காரவைத்து நடத்திய கூட்டம்தான் முதல் காலனி மாநாடு. 1907-இல் இதற்கு ஒழுங்கான விதிகள் வகுத்தார்கள். இனிமேல் இது "பேரரசு மாநாடு". நான்காண்டுக்கு ஒருமுறை கூடும். பிரிட்டிஷ் பிரதமர் தலைமை வகிப்பார். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற, தமக்கென்று நாடாளுமன்றம் உள்ள நாடுகளுக்கு மட்டுமே இடம். அவற்றை டொமினியன்கள் என்றார்கள். இந்தியாவுக்கு அப்போது இடம் கிடையாது.

ஏற்பாடுகள் எப்படி நடந்தன என்பதுதான் சுவாரசியம். மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு நாடும் தான் எழுப்ப விரும்பும் பொருள்களையும் தீர்மான வரைவுகளையும் லண்டனுக்கு அனுப்ப வேண்டும். லண்டனில் அவற்றைத் திரட்டி, குறிப்பெழுதி, அச்சடித்து, நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார்கள். சிக்கலான பொருளென்றால் சங்கேதத் தந்திகள் கடலடிக் கம்பி வழியே முன்னும் பின்னும் பறக்கும். நியூசிலாந்துப் பிரதமர் கப்பலேறினால் லண்டன் சேர ஐந்தாறு வாரம் ஆகும். போக, இருக்க, திரும்ப என்று கணக்குப் பார்த்தால் ஒரு பிரதமர் பாதி வருடம் சொந்த நாட்டில் இருக்கமாட்டார். அதற்குள் சொந்தக் கட்சியில் யார் காலை வாருவார்கள் என்ற கவலை வேறு. ஆகவே கப்பல் ஏறுவதற்கு முன்பே அமைச்சரவையிடமும் நாடாளுமன்றத்திடமும் எவ்வளவு தூரம் பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

தயாரிப்பில்லாமல் போனால் என்ன ஆகும்? 1911-இல் நியூசிலாந்துப் பிரதமர் சர் ஜோசப் வார்டு காட்டினார். அவர் முன்கூட்டி அனுப்பிய தீர்மானத்தில் கேட்டது ஆலோசனை மட்டும் சொல்லும் ஒரு பேரரசு மன்றம். எழுந்து பேசியதோ எல்லா நாடுகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பை நிர்ணயிக்கும் பேரரசு நாடாளுமன்றம் பற்றி. தாளில் ஒன்று, பேச்சில் வேறொன்று. கனடாவின் லோரியே நடுவில் குறுக்கிட்டு, நீங்கள் கேட்பது எது, மன்றமா நாடாளுமன்றமா என்று கேட்டார். பிரிட்டிஷ் பிரதமர் அஸ்குவித், தென்னாப்பிரிக்காவின் போத்தா, எல்லோரும் மறுத்தார்கள். வார்டு தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீட்டுப்பாடம் செய்யாமல் கரும்பலகைக்கு வந்த பையன் நிலைமைதான்.

முதல் உலகப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கடல் கடந்து அனுப்பிய பிறகு இந்தியாவை வாசலில் நிறுத்த முடியவில்லை. 1917-இல் நடந்த போர்க்கால மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் எஸ்.பி. சின்ஹா, பிகானீர் மகாராஜா கங்கா சிங், சர் ஜேம்ஸ் மெஸ்டன் ஆகியோர் போனார்கள். அந்த மாநாட்டின் ஒன்பதாவது தீர்மானம், டொமினியன்களோடு இந்தியாவுக்கும் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டது. நாற்காலி கிடைத்துவிட்டது.

இப்போது 1921-க்கு வருவோம். ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 5 வரை நடந்த மாநாடு. தலைமை லாயிட் ஜார்ஜ். கனடாவிலிருந்து ஆர்தர் மீயன், ஆஸ்திரேலியாவிலிருந்து பில்லி ஹியூஸ், நியூசிலாந்திலிருந்து மாஸி, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்மட்ஸ். இந்தியாவின் சார்பில் மூவர்: இந்திய விவகார மந்திரி மாண்டேகு, கட்ச் மகாராவ், நம் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி.

இந்த மாநாட்டுக்கு வந்த இரண்டு கோப்புகளைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒன்று ஒட்டாவாவில் தயாரானது. மற்றொன்று டில்லியிலும் சிம்லாவிலும் தயாரானது. இரண்டுமே நன்றாகத் தயாரான கோப்புகள் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் கோப்பு. பிரிட்டனும் ஜப்பானும் 1902-இல் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. 1911-இல் அதைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்தார்கள். 1921 ஜூலையில் அந்தப் பத்தாண்டு முடிகிறது. தொடர்வதா, விடுவதா? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தொடர வேண்டும் என்றன. பசிபிக் கடலில் ஜப்பானுக்கு எதிரே நிற்பவை அவை. ஜப்பானைக் கூட்டாளியாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். கனடாவின் கவலை வேறு. அதன் தெற்கு எல்லை முழுவதும் அமெரிக்கா. அமெரிக்காவுக்கோ இந்த உடன்படிக்கை கண்ணில் விழுந்த தூசி. நாளைக்கு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் சண்டை வந்தால் கனடாவின் கதி என்ன?

கனடாவின் வெளியுறவுத் துறை அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள் உள்ள சின்ன அலுவலகம். அதில் சட்ட ஆலோசகராக லோரிங் கிறிஸ்டி என்பவர் இருந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், அமெரிக்க அரசின் நீதித்துறையிலும் வேலை பார்த்தவர். அந்த நாட்டின் நாடித்துடிப்பு அவருக்குத் தெரியும். 1921 பிப்ரவரி முதல் தேதி அவர் ஒரு குறிப்பு எழுதினார். உடன்படிக்கையைக் கைவிட வேண்டும். அதற்குப் பதில் அமெரிக்கா, ஜப்பான், சீனா எல்லோரையும் அழைத்துப் பசிபிக் பற்றி ஒரு மாநாடு கூட்ட வேண்டும். அதற்கு முன்னால் கனடாவின் ஆள் ஒருவர் வாஷிங்டன் போய்ப் புதிய அமெரிக்க அரசின் மனநிலையைப் பார்த்து வர வேண்டும். இதுதான் சாரம். பிப்ரவரி 15-ஆம் தேதி இதையொட்டி மீயன் லண்டனுக்குத் தந்தி அடித்தார். லாயிட் ஜார்ஜ், ஜூனில் எல்லோரும் கூடும்போது பேசிக்கொள்ளலாம், அதுவரை தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று தடுத்தார். ஆனால் கனடாவின் நிலை என்ன என்பது மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது. ஏப்ரலில் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் மாநாடு பற்றி விவாதமும் நடந்தது. அதே மாதம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் ஹியூஸும் தன் கட்சியைச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

லண்டனிலும் சும்மா இருக்கவில்லை. மே கடைசியில் கூடிய பிரிட்டிஷ் அமைச்சரவை, உடன்படிக்கையை ஏதாவதொரு வடிவத்தில் தொடரலாம் என்ற பக்கம் சாய்ந்திருந்தது.

மாநாட்டில் மீயன் எழுந்து கிறிஸ்டியின் குறிப்பில் இருந்ததை அடுக்கடுக்காக வைத்தார். ஹியூஸ் கொதித்துப்போனார். நீர் பேசுவது அமெரிக்காவின் வாதம் என்று திருப்பியடித்தார். கூட்டம் இரண்டுபட்டது. அப்போது ஒரு சட்ட நுணுக்கம் கைகொடுத்தது. யாராவது முறைப்படி விலகல் அறிவிப்புக் கொடுத்தால்தான், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு கழித்து உடன்படிக்கை முடியும். இதுவரை அப்படி அறிவிப்பே கொடுக்கவில்லை, ஆகவே ஜூலையில் தானாக முடிந்துவிடாது என்று பிரிட்டனின் லார்டு சான்சலர் பர்க்கன்ஹெட் கருத்துச் சொன்னார். கழுத்தை நெரித்த கெடு தளர்ந்தது. ஜூலையில் அமெரிக்காவே மாநாட்டுக்கு அழைப்பு விடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் மாநாடு. டிசம்பர் 13-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ் நான்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்து பழைய உடன்படிக்கை வழக்கொழிந்தது.

இதில் முழுப் புகழும் கனடாவுக்கே என்று சொன்னால் அது மிகை. அமெரிக்காவின் அழுத்தமும், போருக்குப் பின் கடற்படைச் செலவு தாங்கமுடியாத பிரிட்டனின் நிலையும் பெரிய காரணங்கள். ஆனாலும், பேரரசின் அமைச்சரவை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஒரு சின்ன அலுவலகத்தில் எழுதிய குறிப்பு அதற்கு எதிர்ப்பக்கம் நின்று, கடைசியில் நடந்ததும் ஏறக்குறைய அந்தக் குறிப்பில் இருந்தபடியே என்பது மறுக்க முடியாதது.

இரண்டாவது கோப்புக்கு வருகிறேன். இது நம் கோப்பு.

1860 நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். அதற்குப் பின் ஐம்பது ஆண்டு, கப்பல் கப்பலாக. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தோட்டம் போட்டார்கள், சின்னக் கடை வைத்தார்கள். அவர்கள் வேண்டும், ஆனால் கூலியாக மட்டும் வேண்டும் என்பது வெள்ளைக்காரர்கள் எண்ணம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. 1896-இல் நேட்டால் சட்டமன்ற வாக்குரிமையைப் பறிக்கச் சட்டம். காந்தியின் போராட்டமும், சிறை சென்று திரும்பி 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் கதையும் உங்களுக்குத் தெரியும். மூன்று பவுன் வரி அந்த ஆண்டு ஒழிந்தது. வாக்கு, நிலம், வியாபார உரிமம் பற்றிய தடைகள் ஒழியவில்லை.

இந்தப் பொருளில் இந்திய அரசின் கோப்பு பத்தாண்டாக வளர்ந்து வந்தது. 1910-இல் கோகலே, நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது நின்றது. 1912-இல் அவரே தென்னாப்பிரிக்கா போய்ப் பார்த்து வந்தார். 1913-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சு சென்னையில் பேசும்போது தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்துக்கு வெளிப்படையாக அனுதாபம் தெரிவித்தார். ஒரு வைஸ்ராய் இன்னொரு பிரிட்டிஷ் அரசைக் குறைசொல்வது அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல. இந்த ஒரு பொருளில் மட்டும் வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்பும் நம் தலைவர்களின் பேச்சும் கிட்டத்தட்ட ஒரே திசையில் போயின.

1918 மாநாட்டில் சின்ஹா ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் யார் குடியேறலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை இந்தியா ஒப்புக்கொள்ளும் என்றார். புதிதாக ஆள் அனுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்தாயிற்று. அதற்கு ஈடாக, ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களை மனிதராக நடத்துங்கள் என்று கேட்க வழி பிறந்தது. 1921-க்கான கோப்பு இதன்மேல்தான் கட்டப்பட்டது. "நாங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், நீங்கள் கொடுங்கள்" என்று கேட்கும் கோப்பு அது. தென்னாப்பிரிக்காவோடு கென்யாவும் சேர்ந்தது. அங்கும் இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1920 அக்டோபரிலேயே இந்திய அரசு லண்டனுக்கு எழுதியிருந்தது.

இந்தக் கோப்பைக் கையில் எடுத்துப் பேசியவர் சாஸ்திரி. 1869-இல் வலங்கைமானில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 1907-இல் அந்த வேலையை விட்டுக் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். அவர் ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலேயரே வாயடைத்துப் போனார்கள் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அவருக்கு உதவியாளராகக் கிரிஜா சங்கர் பாஜ்பாய் என்ற இளம் ஐ.சி.எஸ். அதிகாரி உடன் போனார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சாஸ்திரி பேச்சில் குறை வைக்கவில்லை. இந்தியா பேரரசில் சம உறுப்பினர் என்று நீங்களே தீர்மானம் போட்டீர்கள். அப்படியானால் உங்கள் நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர் மட்டும் ஏன் சமமில்லை? கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் இறங்கி வந்தன. இந்தியாவின் சம நிலையும், இந்தியர்மீது உள்ள தடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவர்களுடைய குடியுரிமையை அங்கீகரிப்பது விரும்பத்தக்கது என்று தீர்மானம் நிறைவேறியது.

கீழே ஒரு வரி சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நிலைமை விதிவிலக்கானது என்பதால் அதன் பிரதிநிதிகளால் இதை ஏற்க முடியவில்லை, வருந்துகிறார்கள். அதற்கும் கீழே இந்தியப் பிரதிநிதிகள் தங்கள் ஆழ்ந்த கவலையைப் பதிவுசெய்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றிலும் அப்போது இருந்த இந்தியர் சில ஆயிரம் பேர். தென்னாப்பிரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் நேட்டாலில் இருந்தார்கள். அவர்களில் நம் தமிழ் ஜனமும் தெலுங்கு ஜனமும் ஏராளம். யாருக்காக அந்தக் கோப்பு பத்தாண்டாக வளர்ந்ததோ அவர்கள்தான் தீர்மானத்துக்கு வெளியே நின்றார்கள்.

ஸ்மட்ஸ் ஏன் மறுத்தார்? அவர் முட்டாளல்ல, அந்தக் காலத்துப் பேரரசின் பெரிய மூளைகளில் ஒருவர். 1921 பிப்ரவரியில்தான் தேர்தலில் வென்று வந்திருந்தார். அதற்குச் சில மாதம் முன்பு ஆங்கிலேய வெள்ளையர்களின் கட்சி அவர் கட்சியோடு இணைந்தது. அந்தக் கட்சியின் ஆதரவாளர்களில் நேட்டால் வெள்ளையர்களும் இருந்தார்கள். அவர்கள் கோபித்தால் ஆட்சி ஆட்டம் காணும். இந்தியருக்கு வாக்குக் கொடுத்தால் கறுப்பின மக்களுக்கும் கொடுக்க வேண்டிவரும் என்பது அவருடைய இன்னொரு பயம். 1923 மாநாட்டில் அதை ஒளிவுமறைவின்றியே சொன்னார். ஆக, வாக்காளர்களுக்குப் பயந்து அவர் வேண்டாம் என்றார். அவர் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர் என்றால் முடிவு வேறு எப்படி இருக்கும்?

இங்கேதான் இரண்டு கோப்புகளின் வித்தியாசம் எனக்குப் புலப்படுகிறது. மீயன் பேசும்போது "என் நாடாளுமன்றம் இதை ஏற்காது" என்ற ஒரு வாசகம் பேசாமலே பின்னால் நின்றது. ஸ்மட்ஸ் மறுத்தபோதும் அதுவே நின்றது, அநியாயமான வடிவத்தில். சாஸ்திரிக்குப் பின்னால் என்ன இருந்தது? அவரை இந்திய மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை, அரசாங்கம் நியமித்தது. அவருடைய குழுவின் தலைவர் மாண்டேகுவோ பிரிட்டிஷ் அமைச்சரவையின் ஓர் உறுப்பினர். எதிரே உட்கார்ந்திருக்கும் லாயிட் ஜார்ஜின் சகா. ஊரிலோ ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிகிறது. மக்கள் காந்தியின் பின்னால். சாஸ்திரியைச் சர்க்கார் மனிதர் என்று ஏசியவர்கள் உண்டு. 1919-இல் ரவுலட் மசோதாவை எதிர்த்து அவர் முழங்கியதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

ஸ்மட்ஸ் மறுத்தால் என்ன செய்வோம் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. வியாபாரத்தை நிறுத்துவோம் என்று சொல்ல முடியாது. என் மக்கள் மன்றம் கேட்கிறது என்று சொல்ல முடியாது. வாதம் இருந்தது, நியாயம் இருந்தது, பத்தாண்டுக் கோப்பு இருந்தது. அவற்றின் பின்னால் ஒரு சொந்த அரசு இல்லை.

சாஸ்திரி கை கழுவிவிட்டுப் போகவில்லை. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றையும் சுற்றி, ஒப்புக்கொண்ட தீர்மானத்தைச் செயல்படுத்துங்கள் என்று கேட்டார். 1925-இல் ஆஸ்திரேலியா அங்கிருந்த இந்தியர்களுக்குத் தேசியத் தேர்தலில் வாக்குக் கொடுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கென்யாவில் 1923-இல் வந்த வெள்ளை அறிக்கை நல்ல நிலங்களை வெள்ளையர்களுக்கே ஒதுக்கி வைத்தது. இதில் சாஸ்திரி மனம் உடைந்துபோனார்.

இடையே 1926 மாநாட்டையும் பார்த்துவிடுவோம். மூன்று நாடுகள் முழுத் தயாரிப்போடு வந்தன. தென்னாப்பிரிக்காவில் ஸ்மட்ஸைத் தோற்கடித்து வந்திருந்த ஹெர்ட்சாக், எங்கள் சுதந்திர நிலையை உலகறிய எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அயர்லாந்துக்காரர்கள், சம நிலை என்று சொல்லிக்கொண்டே லண்டன் கையில் வைத்திருக்கும் அதிகாரங்களை ஒன்றொன்றாகப் பட்டியல் போட்டு ஒரு குறிப்பாவணமே கொடுத்தார்கள். கனடாவின் மெக்கன்சி கிங், தன்னோடு மோதிய கவர்னர் ஜெனரல் விவகாரத்தை வைத்துத் தேர்தலில் வென்ற சூட்டோடு வந்தார். பலன், பால்ஃபர் அறிக்கை: டொமினியன்கள் பிரிட்டனுக்குச் சமம், யாரும் யாருக்கும் கீழல்ல. ஐந்தாண்டில் அது சட்டமாயிற்று.

இந்தியாவுக்கு? அதன் நிலை 1917-இன் ஒன்பதாவது தீர்மானத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது என்று ஒரு குறிப்போடு முடித்துக்கொண்டார்கள். இந்தியக் குழுவின் தலைவர் அப்போதும் ஒரு பிரிட்டிஷ் மந்திரிதான்: அதே பர்க்கன்ஹெட். நான் பிள்ளைகளிடம் அடிக்கோடு போடச் சொன்ன அந்த இரண்டு மதிப்பெண் விடைக்குள் இந்தியா இல்லை என்பதை நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் கேப்டவுனில் இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் நேரடியாகப் பேசின. 1927-இல் ஓர் உடன்பாடு வந்தது. இந்தியாவின் முதல் ஏஜெண்டாகச் சாஸ்திரியே தென்னாப்பிரிக்கா போனார். அங்கே அவர் பிரதானமாகச் செய்த வேலை என்ன தெரியுமா? இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறவும் ஆசிரியப் பயிற்சி பெறவும் டர்பனில் ஒரு நிறுவனம் அமைக்க அலைந்து பணம் திரட்டினார். அதுதான் சாஸ்திரி கல்லூரி. எந்தத் தீர்மானமும் கொடுக்காததை ஒரு பழைய தலைமையாசிரியர் தனக்குத் தெரிந்த வழியில் கொஞ்சமாவது கொடுத்துவிட்டு வந்தார்.

1946-இல் ஸ்மட்ஸ் மறுபடியும் பிரதமர். இந்தியர்களுக்கு நிலம் வாங்கத் தடை போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார். இந்தியா இந்த முறை வருத்தத்தைப் பதிவுசெய்து நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையீடு கொண்டுபோனது. செப்டம்பரில் நேருவின் இடைக்கால அரசு வந்தது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் குழு நியூயார்க் போனது. எதிர்த்து வாதாட வந்தவர் அதே ஸ்மட்ஸ். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். டிசம்பர் 8-ஆம் தேதி வாக்கெடுப்பு: இந்தியாவின் பக்கம் 32, எதிராக 15.

அதனால் தென்னாப்பிரிக்கா ஒரே நாளில் திருந்திவிடவில்லை. இரண்டே ஆண்டில் நிறவெறி ஆட்சி இன்னும் கொடுமையாக வந்தது, பல பத்தாண்டு நீடித்தது. ஆனால் 1921-இல் தீர்மானத்தின் அடியில் ஒரு வரியாக முடிந்துபோன விஷயம், இப்போது உலகத்தின் முன்னால் ஸ்மட்ஸைப் பதில் சொல்ல வைத்தது. இதைப் பார்க்கச் சாஸ்திரி இல்லை. அந்த ஏப்ரலில்தான் காலமானார்.

அவரோடு 1921-இல் கோப்பு தூக்கிப் போன பாஜ்பாய் இருந்தார். சுதந்திர இந்தியாவின் வெளியுறவு அமைச்சகத்தின் முதல் தலைமைச் செயலாளர் அவர். 1949 ஏப்ரலில், குடியரசாகப் போகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கலாமா என்று முடிவெடுக்க லண்டனில் பிரதமர்கள் கூடியபோது, நேருவோடு அவர் போனார். இருபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு அதே ஊரில் அதே மாதிரியான கூட்டம். இந்த முறை குழுவின் தலைவர் இந்தியாவின் சொந்தப் பிரதமர்.

ஆகவே தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறவர் டீ குடிப்பார், போட்டோவும் எடுப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் சாஸ்திரி கையிலிருந்த கோப்புக்குப் பின்னால் இல்லாத ஒன்று உன் நோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டுப் போட்ட ஜனங்கள் இருக்கிறார்கள். அதை வாங்க எவ்வளவு பேர் என்னவெல்லாம் பட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போனாலும் பரவாயில்லை, நோட்டை ஒழுங்காக எழுது. புள்ளிவிவரத்தை ஒருதடவைக்கு இரண்டுதடவை சரிபார். வார்டு மாதிரி தாளில் ஒன்று பேச்சில் ஒன்று ஆகிவிடக் கூடாது.

மற்றவர்களுக்கு: உங்கள் குடும்பத்தில் நேட்டாலுக்குப் போன முன்னோர் யாராவது உண்டா? வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.